வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் பல வருடங்களாகத் தண்ணீரே இருந்ததில்லை. எங்களுக்கு வீட்டை விற்றுவிட்டுப் போன சீனர் ஆசைப்பட்டுக் கட்டிய குளம் அது. நாங்கள் குடிவந்த முதல் மாதமே என் வீட்டுக்காரர், "இதுக்கு யாரு தீனி போடுறது" என்று சொல்லி வற்ற வைத்துவிட்டார். அதன்பிறகு அதில் பூந்தொட்டிகள் இருந்தன, பிள்ளைகளின் பழைய சைக்கிள்கள் இருந்தன. ஒரு தீபாவளிக்கு முன்னால் வாங்கிய ஆட்டைக்கூட அதற்குள் இறக்கித்தான் கட்டியிருந்தோம். பினாங்கில் நீச்சல் குளத்தில் ஆடு வளர்த்த குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அவர் ஜுருவில் கார் விற்றுக்கொண்டிருந்தவர். கழிப்பறை எங்கே என்று கேட்க உள்ளே நுழைந்தவரிடமும் ஒரு காரை விற்றுவிடக்கூடிய வாய். பக்கவாதம் வந்தபோது முதலில் அந்த வாய்தான் கோணியது. பிறகு வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "வேணாம்." டிவி போடட்டுமா என்றால் "வேணாம்." அவ்வளவு பேசிய மனிதருக்கு அந்த ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த மலாய்ப் பெண்தான் ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் உடம்பின் பாரத்தைத் தாங்கும், இவரைத் தண்ணீரில் நடக்க விடுங்கள் என்றாள். குளத்தின் நீளவாக்கில் ஒரு பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்தச் சொன்னாள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கட்டும், என்றைக்கு அதை விட்டுவிட்டுக் குறுக்கே எதிர்ச்சுவருக்குப் போகிறாரோ அன்றைக்குத் தரையிலும் நடந்துவிடுவார் என்றாள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாட்களை ஓட்டினேன். தொட்டிகளை எடுத்துக் குளத்தைக் கழுவித் தண்ணீர் நிரப்பினோம். முதல் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது அவர் சிரித்தார். கோணல் சிரிப்புத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. அதற்கு ஏற்ற ஆள் நான் இல்லை. எனக்கு எதிலும் இருப்புக்கொள்ளாது. உலையில் அரிசி வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா திட்டுவார். அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் கிராணியாகக் கணக்கெழுதிய காலத்தில், ஃபெரி கரை சேரும் முன்பே எழுந்து கதவருகே போய் நிற்பேன். நான் நின்றால் அது சீக்கிரம் போய்விடுமா என்ன.

தண்ணீரைச் சோதிக்க ஒரு சிறிய பெட்டி கொடுத்தார்கள். அதிலிருக்கும் குழாயில் குளத்து நீரை எடுத்துச் சொட்டு மருந்தை விட்டால் நிறம் காட்டும். மஞ்சளானால் அமிலம் அதிகம், சிவந்தால் காரம் அதிகம். ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் இது புதிதில்லை. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அதே கதைதான். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆரஞ்சு நிறம் இருக்கிறது. பி.எச். சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அது தவறினால் கண் எரியும், தோல் அரிக்கும்.

எனக்கு அந்த ஆரஞ்சு பிடிபடவே இல்லை. காலையில் மஞ்சள். சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினால் மத்தியானம் சிவப்பு. பதறிப்போய் அமிலத்தை ஊற்றினால் மறுபடி மஞ்சள். ஒரு பாட்டிலில் குளத்து நீரை எடுத்துக்கொண்டு கடல் பாலத்தைக் கடந்து ஜுருவிலிருக்கும் குளத்து மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். தண்ணீரில் அல்கலினிட்டி என்று ஒன்று இருக்கிறது. பி.எச். இப்படியும் அப்படியும் தாவாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். என் தண்ணீரில் அது போதவில்லை. முதலில் ஆப்பச் சோடாவைப் போட்டு அதை ஏற்ற வேண்டும், பம்பை ஓடவிட வேண்டும், மறுநாள் வரை தொடக்கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் என் வீட்டுக்காரரின் காலை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தண்ணீர் நின்றது. அவரும் தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அந்த நல்ல காலத்தில்தான் அவருடைய அக்கா வெள்ளிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தார். நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். காலையில் கோயிலுக்குப் போய்த் தம்பி பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு, ஃபெரி ஏறி வந்து தம்பியின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, சாயங்காலம் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். எதற்கெடுத்தாலும் "முருகா" என்பார், கொட்டாவிக்கும்கூட. அவர் இருக்கிற தைரியத்தில் நான் மார்க்கெட், பேங்க், ஜுரு என்று வெளி வேலைகளை வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கிக்கொண்டேன்.

பிறகு தண்ணீர் மறுபடி கெட்டது. வியாழன் வரை கண்ணாடியாக இருக்கும். சனிக்கிழமை காலையில் மோர் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும், குழாயில் சிவப்பு ஏறும், அல்கலினிட்டியும் எகிறி நிற்கும். அமிலத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றி வாரம் முழுக்க இறக்கிக்கொண்டு வருவேன். அடுத்த சனிக்கிழமை பழைய குருடி கதவைத் திறடி. பம்பைச் சந்தேகப்பட்டு ஆளைக் கூப்பிட்டுப் பிரித்துப் பார்த்தேன். வடிகட்டியில் வெள்ளை வெள்ளையாக மாவு அடைத்திருந்தது. பக்கத்து வீட்டில் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் தூசிதான் பறந்து வந்து விழுகிறது என்று முடிவு செய்து, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சண்டை போட்டேன். அந்த மனிதர் பாவம், படுதா வாங்கிக் கட்டினார். சனிக்கிழமை தண்ணீர் அப்படியேதான் இருந்தது.

இதற்குள் என் வீட்டுக்காரருக்குத் தொடையெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. கண் எரிகிறது என்று சைகை காட்டினார். ஒரு நாள் படியில் இறங்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். "வேணாம்." அந்தச் சொல் திரும்பி வந்துவிட்டது. இப்படியே விட்டால் கால் இறுகிவிடும் என்று உடற்பயிற்சிப் பெண் எச்சரித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணில் படுகிறவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜுருவுக்குக் கிளம்பிப் பாதி வழி போனபிறகுதான் தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டது தெரிந்தது. என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். பின்பக்கம் போனால், அண்ணி குளத்தின் ஓரத்தில் குந்தியிருந்தார். மடியில் பெரிய பை. அதிலிருந்து இரண்டு கையாலும் திருநீற்றை அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"என்னா அண்ணி பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. அபிஷேகத் திருநீறு. கோயில்ல தம்பி பேர்ல வாரா வாரம் அபிஷேகம் பண்றேன்ல. ஐயரு பையோட கொடுக்குறாரு."

"அதுக்கு? நெத்தியில பூசுறது பத்தாதா?"

"நெத்தியில பூசுனா நெத்திக்கு. அவனுக்குக் காலுதானே வரல. அவன் நடக்குற தண்ணியில போட்டா காலு முழுக்கப் படும்ல. இதக் குப்பையிலயும் கொட்டக்கூடாது, லோங்காங் சாக்கடையிலயும் கொட்டக்கூடாது."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒரு சிட்டிகை திருநீறு எந்தக் குளத்தையும் ஒன்றும் செய்யாது. இது பை பையாக விழுந்திருக்கிறது. "இதனாலதான் அண்ணி அவருக்கு ஒடம்பெல்லாம் அரிக்குது. நான் ஒரு வாரம் பாடுபட்டுத் தண்ணிய சரி பண்ணுறேன், நீங்க வந்து ஒரு நாள்ல கெடுத்துட்டுப் போறீங்க" என்றேன். குரல் வேலி தாண்டிப் போயிருக்கும்.

அண்ணி எழுந்தார். மடியிலிருந்த சாம்பலைத் தட்டக்கூட இல்லை. "நான் கெடுத்தேனா? நீ வாளி வாளியா என்னென்னமோ ஊத்துற. போன வாரம் போத்தல்ல பாத்தேன், ஆசிட்டு. என் தம்பி நிக்கிற தண்ணியில ஆசிட்டு ஊத்துறா, என்னான்னு நான் ஒரு வார்த்த கேட்டேனா? படிச்சவ, தெரிஞ்சுதான் செய்வான்னு சும்மா இருந்தேன் லா. எனக்கு என்னா தெரியும்? எனக்குத் தெரிஞ்சத நான் போட்டேன்."

அவர் சொன்னது நிஜம்தான். நான் ஊற்றியது அமிலம், அவர் போட்டது திருநீறு. ஒன்று ஏற்றினால் ஒன்று இறக்கும். இருவரும் வாரக்கணக்கில் ஒரே காலுக்காகத்தான் அந்தத் தண்ணீரைப் படாதபாடு படுத்தியிருக்கிறோம். நடுவில் நின்று அரித்தது என் வீட்டுக்காரருக்கு. அக்காவைக் காட்டிக்கொடுக்கவும் மனசில்லாமல், என்னைத் தடுக்கவும் பேச்சில்லாமல் அவர் இறங்காமலே நின்றுவிட்டார். நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். கையிலிருந்த திருநீறு என் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அப்புறமும் தகராறு தீரவில்லை. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாம் என்றேன். சாமி திருநீறு கரைந்த தண்ணீர், லோங்காங்கில் விட்டால் பாவம் என்று அண்ணி குறுக்கே நின்றார். கடைசியில், செடி கருகாமலிருக்கக் குளோரின் போடுவதை நிறுத்திக் குளத்தை வெயிலில் ஆறவிட்டோம். பிறகு குழாய் போட்டு வாழைக்கும் தென்னைக்கும் இறைத்தோம். அதற்கே நாள் கணக்கில் ஆனது, நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். புதுத் தண்ணீர் விட்டு, ஆப்பச் சோடா போட்டு, தொடாமல் இருந்து, அமிலத்தை அளவாக ஊற்றி, மறுபடி தொடாமல் இருந்து, ஒரு வழியாகத் தண்ணீர் தெளிந்தது. இனி திருநீறு நெற்றிக்கு மட்டும் என்று அண்ணி ஒத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டார், தீபாவளிக்கு என்றேன். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

என் வீட்டுக்காரர் மறுபடி இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு போவார், வருவார். நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றைக்கு விடுவாரா, இன்றைக்கு விடுவாரா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பார்த்துப் பார்த்துத் தாங்காமல் போய் எதையாவது சோதிப்பேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். என் வீட்டுக்காரர் கம்பியோரம் நடந்துகொண்டிருந்தார். நான் குழாயில் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டேன். நிறம் தெளிவாகத் தெரிவதற்காகக் குளத்துக்கு முதுகைக் காட்டி, வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சுதானா, கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"முருகா" என்றார் அண்ணி. கொட்டாவி விடுகிறார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை "முருகா" என்றார். அப்போதும் நான் திரும்பவில்லை.

திரும்பியபோது அவர் எதிர்ச்சுவரில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். நடுவில் பிடிப்பதற்கு ஒன்றும் கிடையாது. அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நடந்தாரா?"

"நடந்தாம்மா. நீ பாக்கலியா?"

"என்னங்க, இன்னொரு தடவ. ஒரே ஒரு தடவ" என்று கெஞ்சினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். கோணல் சிரிப்பு. அவர் "வேணாம்" என்று சொல்லவில்லை.

"நாளைக்கு" என்றார்.

என் கையில் குழாய் அப்படியே இருந்தது. நிறம் அன்றைக்கு மிகச் சரியாக இருந்தது. அதை அவர்களிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.