நாலு பேருக்கு ஒரே நம்பர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். ஓசூரில் பரோட்டா போட்டேன், பாலக்காட்டில் டைல்ஸ் ஒட்டினேன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன். போன வருஷம் நசரத்பேட்டையில் வந்து நின்றேன். நெடுஞ்சாலை ஓரத்து குடோன் ஒன்றில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஒரே அறையில் நான்கு பேர். என் போன் பஸ்ஸில் போய்விட்டது. மற்ற இருவருடையது பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும். ஒருவனுடையது மட்டும்தான் எப்போதும் அடிக்கும். வேலைக்குச் சேரும்போது நால்வரும் அந்த நம்பரையே கொடுத்தோம். எங்களைப் போன்றவர்களிடம் அது சகஜம்.

அதுவரை கேட்டில் முகத்தைப் பார்த்தே உள்ளே விட்டார்கள். ஒரு திங்கட்கிழமை அங்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. போன் நம்பரைச் சொன்னால் கேட் பாஸும் சாப்பாட்டு டோக்கனும் அச்சாகும். எங்கள் நம்பரைத் தட்டியதும் அது அப்படியே நின்றுவிட்டது.

“இன்னா நைனா, ஒரு நம்பர்ல நாலு பேரு குடும்பம் நடத்திகினு கீறீங்களா?” என்றார் செக்யூரிட்டி.

எங்களுக்குப் பின்னால் வேலை தேடி வந்தவர்கள் நின்றிருந்தார்கள். மணி அடிப்பதற்குள் நாங்கள் உள்ளே இல்லையென்றால் மேஸ்திரி அவர்களை எடுத்துக்கொள்வார். போன இடம் மறுநாள் திரும்பிக் கிடைக்காது.

புரோகிராமை எழுதிய பெண் கேட் அறையிலேயே இருந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி, அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை.

“ஒரு நம்பருக்கு ஒரு ஆள்தான் இருப்பாருன்னு எழுதிட்டேண்ணே. நாலு பேரா வந்து நிப்பீங்கன்னு யாரு கண்டா?”

“பாத்ரூமும் ஒண்ணுதான் மேடம். அதையும் எழுதி வச்சுக்குங்க” என்றேன்.

சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தாள். புரோகிராமுக்கு நடுவிலேயே எங்கள் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸைக் கேட்கும் கேள்வியைச் செருகி வைத்திருந்தாள். வரும் பதிலை வாங்கிக்கொள்ள ஒரு பெயருக்குத்தான் இடம். நாலு பெயர் வந்ததும் அது திகைத்துவிட்டது. இதற்குக் கர்சர் வேண்டுமாம். திரையில் மினுக்குகிற கோடு இல்லை. வந்த பதில்களைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தருகிற ஏற்பாடு. எந்தக் கேள்விக்கு என்று முதலில் அறிவிக்க வேண்டும், பிறகு திறக்க வேண்டும். ஒரு தடவை எடுத்தால் ஓர் ஆள். தீர்ந்ததும் மூட வேண்டும்.

“சீக்கிரம் தொற்ந்து எட்த்து மூடும்மா, மேஸ்திரி வந்துகினு கீறாரு!” என்றார் செக்யூரிட்டி.

அவள் எழுதி முடித்ததும் அச்சு மெஷின் கரகரத்தது. வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி மூன்று பேருக்கும் சீட்டு வந்தது. கடைசியாகச் சேர்ந்த எனக்கும் வந்தது. உடனே எனக்கே இன்னொன்றும் வந்தது.

செக்யூரிட்டி இரண்டையும் தூக்கிப் பிடித்தார். “மாமே, ஒன் ரெட்டைப் பொறப்பு எங்க?”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை எடுக்கப் போனபோது ஆள் இல்லை. அதைக் கவனிக்காமல் அச்சடிக்கச் சொல்லிவிட்டாள். புதிதாக யாரும் வராததால், முன்பு வந்த என் பெயரே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. எடுத்ததும் ஆள் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும் என்றாள்.

அதற்குள் மேஸ்திரி வந்து சீட்டுகளை எட்டிப் பார்த்தார். “ரெண்டு பாஸா? அப்ப ரெண்டு ஆள் பெட்டிய நீ தூக்கு. போங்கடா உள்ள!”

மணி அடித்தபோது நால்வரும் உள்ளே இருந்தோம்.

மத்தியானம் கூடுதல் டோக்கனோடு கேட் அறைக்குப் போனேன். “உங்க தப்புல வந்த சாப்பாடு மேடம், நீங்களே சாப்பிடுங்க.”

“என்ன போடுறாங்க?”

“சுரைக்காய் சாம்பார்.”

“ஐயோ, வேண்டாம்ணே. கடைசி ஆளுக்குத்தான் அந்த வசதி, நீங்களே ரெண்டு தடவை சாப்பிடுங்க. நாளைக்குக் கிடைக்காது, சரி பண்ணிட்டேன்.”

காலையிலிருந்து மேஸ்திரி சொன்னபடியே என்னிடம் இரண்டு ஆள் வேலை வாங்கியிருந்தார். இரண்டு சாப்பாட்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.