ஓடையில் கிடந்த கட்டை

ஆர்வெல் டீட்டருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அது போன அன்று நான் ஓடைக்கரையில்தான் இருந்தேன்.

ஆர்வெல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். கோபக்காரன். எங்கள் மலை ஓடையில் வெளியூர் மீன்குஞ்சுகளை விட வந்த ஒருவனின் தாடையை உடைத்துவிட்டுக் கை வீங்கி, ஊர் நர்ஸான என்னிடம் வந்தான். கட்டுப் போட்டுவிட்டேன். அந்த ஓடையில் பிறந்து வளர்ந்த, குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே வாழும் ட்ரவுட் மீன் மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம்.

சுரங்கம் மூடியபின் கரை மரங்களை வெட்டி, கிளைகளோடு ஓடையின் குறுக்கே சாய்க்க ஆரம்பித்தான். கட்டைக்கு அடியில் தண்ணீர் மண்ணை அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் வெயில் காலத்திலும் குளிர்ச்சி நிற்கும். அதற்கு முன் இரண்டு ஜூலை மாதங்களில் தண்ணீர் சூடேறி மீன்கள் செத்து, வயிறு மேலே தெரிய மிதந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எதிர்க்கரை அவன் அண்ணன் டென்சிலுடையது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஓடையிலுள்ள கட்டைகளை இழுத்துப்போட்டுச் 'சுத்தம்' செய்வது அவர்கள் அப்பா காலத்து வழக்கம். கட்டையில்லாத ஓடைதான் நல்ல ஓடை என்று இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் நம்பினார்கள். டென்சில் இன்னும் நம்பினான்.

மார்ச்சில் மழை பெய்து, கட்டையில் சருகு அடைத்து, டென்சிலின் புல்வெளியில் தண்ணீர் ஏறியது. பக்கவாதத்தில் படுத்திருந்த அவன் மனைவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். டிராக்டர் சத்தம் கேட்டது. அவளைத் துவட்டி, போர்த்திவிட்டு இறங்கிப் போனேன்.

டென்சில் இரும்பு வடத்தைக் கட்டையில் மாட்டிவிட்டான். ஆர்வெல் கோடாலியோடு அதன்மேல் ஏறி நின்றான்.

"எறங்குடா."

"மாட்டேன். இழு பாப்போம்."

"மீனுக்கு வீடு கட்டுறானாம்! கட்டின பொண்டாட்டிக்கு ஒரு வீடு கட்டியிருந்தா அவ ஏன்டா ஓடுறா?"

ஆர்வெல் தாவிக் குதித்துக் கோடாலிக் காம்பால் அண்ணன் வாயில் அடித்தான். டென்சில் இரண்டு பல்லைத் துப்பினான். தம்பியின் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினான். நான் கத்தியது இருவர் காதிலும் விழவில்லை. ஆர்வெல் திமிறிக்கொண்டு மறுபடி கட்டையில் ஏறினான். டென்சில் டிராக்டரில் ஏறி முழு வேகத்தில் இழுத்தான்.

வடம் அறுந்தது. அறுந்த முனை சுழன்று வந்து ஆர்வெலின் காலை எலும்போடு வெட்டியது. கால் தோலில் தொங்கியது. தண்ணீர் சிவந்தது.

"பெல்ட்டைக் கழட்டு!" என்றேன். டென்சில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முதுகில் ஓங்கி அறைந்தேன். கழற்றினான். தொடையில் இறுக்கிக் கட்டினேன். அப்புறமும் கசிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை முஷ்டியால் தொடை இடுக்கில் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆர்வெல் கண் விழித்ததும் அண்ணனை உள்ளே விடச் சொன்னான்.

"போலீஸ்காரன் வெளிய நிக்கிறான். நான் என்ன சொல்லட்டும்?"

டென்சிலின் வாய் வீங்கியிருந்தது. "உன் இஷ்டம்டா."

"கட்டை அங்கயே கெடக்கணும். இன்னும் மூணு மரம் சாய்க்கணும். அத நீதான் வெட்டணும்."

"என் புல்லு?"

"என் காலு?"

டென்சில் தலையை ஆட்டினான். போலீஸ்காரரிடம், தானும் அண்ணனும் சேர்ந்து கட்டை இழுக்கும்போது வடம் அறுந்தது என்று ஆர்வெல் சொன்னான். நானும் வாயைத் திறக்கவில்லை. சிறைக்கு அண்ணன் போனால் அவன் மனைவியை யார் திருப்பிப் படுக்கவைப்பது?

மூன்று மரங்களையும் டென்சில் வெட்டினான், திட்டிக்கொண்டே. ஒன்று தவறி அவனுடைய வேலிமேலேயே விழுந்தது.

"குருடனா நீ?" என்று ஊன்றுகோலை அவன்மேல் எறிந்தான் ஆர்வெல்.

அக்டோபரில் கட்டைக்குக் கீழே பெண் மீன் ஒன்று முட்டையிட வாலால் சரளையைப் பறித்துக் குழி செய்தது. வயிறு சிவந்த இரண்டு ஆண் மீன்கள் அதற்காக ஒன்றையொன்று கடித்துக் குதறின. ஒன்றின் துடுப்பு கிழிந்து தொங்கியது. விலக்கிவிட டென்சில் கல் எடுத்தான்.

"கீழ போடு. முட்டை இருக்கு அங்க. மண்டைய ஒடச்சிருவேன்."

டென்சில் கல்லைப் போட்டான்.

ஆர்வெல் ஈரப் பாறையில் உட்கார்ந்திருந்தான். புண் இன்னும் முழுதாக ஆறவில்லை. எழுந்திருக்கச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. நானும் டென்சிலும் ஆளுக்கொரு அக்குளைப் பிடித்துத் தூக்கினோம்.