நிறுத்தி வைத்த ஷாம்பூ

குழந்தைகளுக்கு ஷாம்பூ தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளைக் ‘கையெழுத்தம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். தரப் பரிசோதனை அறையில் அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு பாட்டில்கூட வாசல் தாண்டாது. கொள்முதல் பிரிவில் இருந்த அவள் கணவனே, வீட்டுச் சாப்பாட்டுக்காவது கையெழுத்து வேண்டாமே என்று கேலி செய்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கலவைத் தொட்டி நிரம்பிவிட்டது. வாசலில் லாரி நின்றது. ஷாம்பூவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருளின் தாள்களை அவள் புரட்டினாள். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்வது. கண்ணை எரிக்காது என்று மூன்று வருடம் முன்பு அவளே தேர்ந்தெடுத்தது. ஆனால் இந்த முறை தொட்டியில் ஊற்றிய டிரம் புதிய இடத்திலிருந்து வந்திருந்தது. சர்க்கரையை வேறு ரசாயனங்களோடு சேர்த்துப் பக்குவப்படுத்தும்போது டையாக்சேன் என்றொரு கழிவு உண்டாகலாம். புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று அஞ்சப்படுவது; அதை நன்றாக நீக்கியாக வேண்டும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சொல்லும் சான்று மட்டும் அந்தத் தாள்களில் இல்லை. வாங்கியவர் என்ற இடத்தில் கணவனின் கையெழுத்து இருந்தது.

நேரே போய்க் கேட்டாள். பழைய இடத்தில் சரக்கு தாமதம், சான்று பின்னால் வரும் என்றான், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“செடியிலேர்ந்து வர்றதுதானே? அதுல என்ன இருக்கப் போகுது?”

“செடியிலேர்ந்துதான் வருது. நடுவுல என்ன பண்ணாங்கன்னு தெரியணும்ல?”

“நீ நிறுத்தினா முதல்ல போறது என் வேலைதான்.”

அதற்குள் முதலாளியே இறங்கி வந்துவிட்டார். கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், ஒரு கையெழுத்துதானே என்று பேனாவை நீட்டினார். அவள் வாங்கி, ‘நிறுத்தி வைக்கப்பட்டது’ என்று எழுதினாள். டிரம்மில் மிச்சமிருந்ததிலிருந்து மாதிரி எடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். லாரி காலியாகத் திரும்பியது.

நான்கு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டுக்கு முன் உட்கார்ந்து, “அம்மாகிட்ட உப்பு கேளு” என்று மகளைத் தூது விட்டான். அவளுக்கும் சந்தேகம் அரித்தது. ஒன்றுமே இல்லையென்று அறிக்கை வந்தால்? வீணாக அவன் வயிற்றில் அடித்தவளாகிவிடுவாளே!

சனிக்கிழமை அறிக்கை வந்தது. தொழிற்சாலை வைத்திருந்த வரம்பைப்போல ஆறு மடங்கு டையாக்சேன். அதை முதலாளியிடம் கொண்டுபோகாமல் கணவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் இரண்டு முறை படித்தான்.

“நானே போய் சொல்றேன்.”

அரை மணி நேரம் முதலாளி அறைக் கதவு மூடியே இருந்தது. அவள் வராந்தாவில் நின்றாள். அவன் வெளியே வந்தபோது வேலை தப்பியிருந்தது. ஆனால் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். தொட்டியிலிருந்த அத்தனையையும் அழிக்கச் சொல்லியிருந்தார் முதலாளி.

கோபமா என்று கேட்டாள்.

“கோபம்தான். ஆனா அந்த லாரி போயிருந்தா...” என்றவன், கிடங்கைப் பார்த்து நடந்தான்.

சில வாரங்கள் இருவரும் தனித்தனிப் பேருந்தில்தான் வேலைக்குப் போனார்கள். ஒருநாள் சான்று இல்லாமல் வந்த டிரம்மை இறக்கவே விடாமல் அவன் வாசலோடு திருப்பி அனுப்பியதாக, கிடங்கு ஆட்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.