பேர் இல்லாத வண்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டில், இலங்கையில் பசறைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டில் வண்டு தேட ஒரு யாழ்ப்பாணத்து சார் வந்தார். பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். கொழுந்து பறிக்கிற என்னை அவருக்கு உதவிக்கு அனுப்பினார்கள். தயிர்க் கோப்பைகளை விளிம்புவரை மண்ணில் புதைப்பேன், ஊர்ந்து வருகிற வண்டு அதில் விழும். முதுகு ஓடு ஒட்டிப்போய்ப் பறக்கவே முடியாத வகை அது. ஓடை தாண்டி அடுத்த மலைக்குப் போகாது, அதனால் மலைக்கு மலை வேறு இனம் என்பார் சார். எங்கள் மலையில் ஒரே இனம், முழுக்கக் கறுப்பு என்பது அவர் முடிவு. மஞ்சள் விளிம்பு வைத்த ஒன்றைக் காட்டோரத்தில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்னேன், சிரித்தார்.

"நீர் வேற ஏதோ பூச்சியைக் கண்டிருப்பீர், பிள்ளை. அப்பிடி ஒண்டுக்குப் பேரே இல்லை."

நாங்கள் குடியிருக்கிற லயம் முழுக்க விஷயம் பரவி, என்னையே 'மஞ்ச வண்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பொய்க்காரி ஆகிவிட்டேனே என்று அழுகையே வந்தது.

கடைசி நாள், உச்சிப்பொழுது, ஒரே பனிமூட்டம். எல்லாக் கோப்பையும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. சார் கீழே பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன 'பேர் இல்லை' மட்டும் மண்டைக்குள் ஓடியது. எங்கள் தோட்டத்தில் பேர் இல்லை என்றால், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டபோது ஆள் வரவில்லை, அன்றைய வேலைக்குச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். அப்படியானால் கூப்பிட்டால்தானே வரும்? கோபத்தில் கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்து, "மஞ்சக்கரை" என்று கத்தினேன்.

"வந்துட்டேங்க."

சத்தியமாகக் காலடியிலிருந்து கேட்டது. கொஞ்சம் பிந்தி, என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு "வந்துட்டேங்க". திரும்பினேன், பனிதான். குனிந்தேன். சற்று முன் வெறுமையாக இருந்த கோப்பைக்குள் மஞ்சள் விளிம்போடு ஒரு வண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

லயத்து வாசல் வழியாகத்தான் ஓடினேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த சார், கட்டின பெட்டியை அவிழ்த்து நோட்டை வெளியே எடுத்தார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி."

நீர் போய் நீங்கள் வந்துவிட்டது. கங்காணியும் நின்று கேட்டார். அன்றைக்கு நான் நடந்த நடை தோட்டத்துத் துரைக்குக்கூட வராது.

பிறகு அந்த வண்டுக்குப் புத்தகத்தில் பேர் விழுந்தது. ஆனால் நான் கூப்பிட்டது ஒரு பேர், பதில் வந்தது இரண்டு. பின்னால் நின்ற ஆளுக்கு இன்னும் பேர் விழவில்லை.