யாரும் வராத அந்த வியாழக்கிழமை

சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகையன்று என் கணவர் தங்கராஜ் நம் சபையின் நடுவில் நின்று, "ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் தந்தார்" என்று சாட்சி சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதை அவருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அந்தச் சாட்சியில் ஒரு பாதி இல்லை. விடுபட்ட பாதியை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து இரண்டு செய்திகள் சொன்னார். குடலில் இருந்த அடைப்பை நீக்கியாயிற்று. இனி அவரால் சாப்பிட முடியும். ஆனால் கல்லீரலுக்குப் பரவியிருப்பதை நீக்க வழியில்லை. முதல் செய்தியைக் கணவரிடம் சொன்னேன். இரண்டாவதை எனக்குள் வைத்துக்கொண்டேன். எதையும் அதன் விளைவை எடைபோட்ட பிறகே செய்வது என் வழக்கம். நம்பிக்கையோடு வாழ்பவரின் நாட்கள் நல்ல நாட்களாக இருக்கும் என்று அன்று எடைபோட்டேன். எங்கள் ஊரான கிளாவரைக்குத் திரும்பியவர், மலம் சேர வயிற்றில் கட்டிய பையோடு வரப்பில் நின்று, பூண்டு பிடுங்க ஆட்களை வேலை வாங்கினார். நீங்கள் எல்லோரும் மகிழ்ந்தீர்கள். நானும் சாட்சியை எழுதிக் கொடுத்தேன்.

பிறகு வலி வந்தது. அவர் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட துண்டுகளில்தான் அதைக் கண்டேன். ஒவ்வொரு துண்டின் முனையிலும் பல் பதிந்து, நூல் அறுந்திருந்தது.

"வலிக்குதாங்க?"

"ஏ எம்.ஏ.காரி, போயி சோலியப் பாரு."

துண்டை விரித்துக் காட்டினேன்.

"எலி கடிச்சிருக்கும்" என்றார்.

வியாழக்கிழமைதோறும் மன்னவனூரிலிருந்து ஜீப்பில் நீங்கள் ஜெபிக்க வருவீர்கள். வீடு தேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் சுகாதார நிலையத்து நர்ஸும் அதே நாளில்தான் வருவார். வலி பத்துக்கு எத்தனை என்று அவர் கேட்பார். பாட்டுப் புத்தகங்களோடு அமர்ந்திருக்கும் உங்களை என் கணவர் ஒருமுறை பார்ப்பார். "சைபர், சிஸ்டர்" என்பார். நர்ஸ் அதை எழுதிக்கொண்டு, சாதாரண மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

உங்களிடம் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருடைய சாட்சி உடையும். நான் மறைத்ததும் வெளிப்படும். வீடு நிறைய மனிதர்கள் பாடிக்கொண்டிருக்க, அவர்களில் ஒருவரிடமும் பேச முடியாமல் அடுப்படியில் நின்றேன். அதைவிடப் பெரிய தனிமையை நான் அறிந்ததில்லை.

ஐப்பசியில், சுகம் கேட்டு ஜெபிப்பதை நிறுத்தினேன். கேரட் தோட்டத்தின் மூலையில் நின்று வேறொன்று கேட்டேன். "ஆண்டவரே, அவர் வாயைத் திறந்தருளும். வலிக்கிறது என்று ஒருவரிடமாவது அவர் சொல்லட்டும். யாரையாவது அனுப்பும். எங்களைத் தனியே விட்டுவிடாதேயும்."

கார்த்திகையில், கேரட் பிடுங்கி முடித்த மறுவாரம், இரண்டு நாள் ஓயாத காற்றும் மழையும். வியாழனன்று பாயை விரித்து வைத்துக் காத்திருந்தேன். போனில் சிக்னல் இல்லை. பதினொரு மணிக்குப் பாயைச் சுருட்டினேன். யாரையாவது அனுப்பும் என்று கேட்டேன். வழக்கமாக வருபவர்களும் வரவில்லை. அன்று ஆண்டவர்மீது எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் மட்டும் வந்தார். முழங்கால்வரை சேறு. பழனிக்காரர், நெற்றித் திருநீறு மழையில் பாதி கரைந்திருந்தது. என் கணவர் அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"அவுங்க வரலையா, சிஸ்டர்?"

"ரோட்டுல மரம் விழுந்து கெடக்குண்ணே. ஜீப்பு திரும்பிப் போயிருச்சு. நான் வண்டிய அங்கிட்டே விட்டுட்டு, மரத்துல ஏறி இறங்கி நடந்து வந்தேன். சரி, சொல்லுங்க. பத்துக்கு எத்தன?"

அவர் மறுபடி வாசலைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"எட்டு இருக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஒம்போதுன்னே போட்டுக்கங்க."

"எத்தன நாளா?"

"கேரட்டு வெதச்சதுலருந்து."

சாட்சி சொன்ன மறுவாரம் விதைத்த கேரட் அது.

"அடப் பாவி மனுசா! நோட்டு பூரா முட்டை முட்டையா போட வச்சுட்டீங்களே. ஒரு கோழிப்பண்ணையே வச்சிருக்கலாம்."

அவர் சிரித்தார். சிரிப்பே வலித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"சபைக்கு முன்னால சொகம்னு சொல்லிட்டேன், சிஸ்டர். இப்ப வலிக்குதுன்னா, என்னையப் பாத்து நம்புனவன் என்ன நெனப்பான்? ஆண்டவர நான் பொய்யாக்கலாமா?"

"உங்க சாட்சி எனக்குத் தெரியாதுண்ணே. வலி தெரியும். அதுக்கு மாத்திரை இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லாட்டியும் என் வயிறு சொல்லிருச்சு, புள்ள. இது போறதில்ல." அப்போதுதான் நான் அழுதேன். அதுவரை அதற்கும் எனக்கு ஆள் இருந்ததில்லை.

வழி சீரானதும், திங்கட்கிழமை முதல் பேருந்தில் கொடைக்கானல் சென்றோம். மருத்துவர் பரிசோதித்து மார்ஃபின் மாத்திரை எழுதினார். அது பழக்கமாகிவிடாதா என்று கேட்டேன். வலிக்கு ஏற்ற அளவில், தம் கண்காணிப்பில் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம் என்றார். வலி வரட்டும் என்று காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்; மலச்சிக்கலுக்கும் மருந்து தந்தார். மறுவாரம் நர்ஸ் வந்து பார்த்துச் சொன்னதன்பேரில் மருத்துவர் அளவைச் சற்றுக் கூட்டினார்.

அதற்கடுத்த வாரம் துவைத்த துண்டுகளில் ஒரு முனைகூட அறுந்திருக்கவில்லை. கொடியில் காயப்போட்டபடி அவரிடம் சொன்னேன்.

"எலி செத்துப்போச்சு போல" என்றார்.

கொடியின் கீழேயே நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

நோய் போகவில்லை. மாசியில் ஒரு காலை அவர் அமைதியாக என்னைவிட்டுப் பிரிந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன், "சாட்சிய நீதான எழுதுன? நீயே திருத்து. பொய்யின்னு எழுதாத. பாதின்னு எழுது" என்றார். அதைத்தான் செய்திருக்கிறேன்.

நான் கேட்டது யாராவது வர வேண்டும் என்பது. ஆண்டவரோ ஒருவரை மட்டும் மரத்தைத் தாண்ட வைத்தார். உங்களை அந்தப் பக்கமே நிறுத்தினார். உங்கள் ஜெபங்களை அவர் தள்ளிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. நீங்களும் வருந்த வேண்டாம்.

ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். வலியை ஒளித்து விசுவாசத்தைக் காக்க வேண்டியதில்லை. வலிக்கிறது என்று சொல்பவருடைய குரலையும் ஆண்டவர் கேட்கிறார். நோயுற்றவர் வீட்டுக்குப் போங்கள். பாடுங்கள், ஜெபியுங்கள். நர்ஸ் வந்ததும் எழுந்து சற்று நேரம் வெளியே நில்லுங்கள். ஆண்டவர் உள்ளேயே இருப்பார்.

அப்படியே ஒரு வியாழக்கிழமை என் வீட்டுக்கும் வாருங்கள். பாயை விரித்தே வைத்திருக்கிறேன்.