மாரிஸ் வாயில் ஸ்பிரிட் வாடை

மாரிஸை நம்பக்கூடாது என்று எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பேட்டையில் பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர் சொல்லாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். கள்ளுக்கடையே கதி என்று கிடந்தவன்; இனித் தொடமாட்டேன் என்று மெதடிஸ்ட் கோயிலில் சபைக்கு முன் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஜோசஃபினைக் கட்டிவைத்தார்கள். அப்படிப்பட்டவன் 1936-இல் தினமும் பட்டறையிலிருந்து சாராய வாடையோடு வந்தால் என்ன நினைப்பது? இரண்டு வீடு தள்ளியிருந்த நானும் அதையேதான் நினைத்தேன். உள்ளே நடந்ததை ஜோசஃபின் வெகுகாலம் கழித்துத்தான் சொன்னாள்.

மாரிஸ் மோட்டார் மெக்கானிக். கிள்ளான் தோட்டத்துத் துரை ஒருவர் தன் சின்ன ஆஸ்டின் காரை அவனிடம் விட்டிருந்தார். நின்ற இடத்திலிருந்து கிளம்பி அரை மைலை யார் சீக்கிரம் கடப்பது என்று துரைமார்களுக்குள் போட்டி. போன வருஷம் ஒரு வக்கீல் இவரை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டார். வேகம் கூட, மாரிஸ் எஞ்சினின் மேல்மூடியைச் சீவி, உள்ளே பெட்ரோல் எரியும் இடத்தைக் குறைத்தான். வெறும் பெட்ரோலுக்கு எஞ்சின் சுத்தியால் அடிப்பதுபோல் தட்டியது. சாராயம்போலவே வாடையடிக்கும் ஸ்பிரிட்டைக் கலந்ததும் தட்டல் நின்றது. கலவையை மாற்றும்போதெல்லாம் டாங்கியில் இருப்பதை இறக்கவேண்டும். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, வாய்க்கு வந்ததைத் துப்பிவிட்டு, மிச்சத்தை டின்னில் விடுவான்.

கலவையைப் பற்றி மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று துரை எச்சரித்திருந்தார். வக்கீலின் டிரைவர் பக்கிரிசாமி குடியிருந்தது மாரிஸுக்குப் பக்கத்து வீட்டில்; நடுவே ஒற்றைப் பலகைச் சுவர். அதனால் மாரிஸ் பெண்டாட்டியிடமும் வாய் திறக்கவில்லை.

ஜோசஃபின் பெட்டியைக் கட்டிவிட்டாள். "கிள்ளானுக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். குடிகாரனோட என்னால குப்பை கொட்ட முடியாது."

அதற்குமேல் தாங்காமல் அவளைப் பட்டறைக்கே கூட்டிப்போனான். எல்லாவற்றையும் சொன்னான், உறிஞ்சித் துப்பியும் காட்டினான்.

அவள் கிட்டே வந்து முகர்ந்தாள். "துப்பினது சரி. முழுங்கினாலும் இதே வாடைதானே வரும்?"

"முதல் தடவை தவறித்தான் உள்ள போச்சு, ஜோசி."

"முதல் தடவையா?"

பாவிக்குப் பொய் சொல்லவாவது தெரிந்திருக்கலாம். "அப்புறமும் ரெண்டு மூணு வாட்டி... துப்ப மனசு வரல" என்றான்.

அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு குழாயை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "இனிமே இதுல நீங்க வாய் வைக்கக் கூடாது. நானே உறிஞ்சுறேன்."

சொன்னபடி தினமும் போனாள். குமட்டக் குமட்ட உறிஞ்சி, ஒரு சொட்டு விடாமல் துப்பினாள். கார் ஜெயித்ததா என்றால், ஜெயித்தது. என் மனசை விட்டுப் போகாதது அதற்கு முந்தின புதன்கிழமை ஜெபக்கூட்டம்.

பட்டறையிலிருந்து நேரே வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தாள். என் பக்கத்திலிருந்த வெரோனிகா மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தாள். நான் அடுத்தவளைப் பார்த்தேன். "புருஷனத் திருத்தப் போயி இவளும் ஆரம்பிச்சிட்டா போல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அது ஜோசஃபின் காதிலும் விழுந்தது. உண்மையைச் சொன்னால் அவள் மானம் தப்பும்; அவன் வேலை போகும், அவன் விழுங்கிய கதையும் வெளியே வரும்.

அவள் பாட்டுப்புத்தகத்தை விரித்து எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள். ஆண்கள் பக்கத்தில் மாரிஸ் மட்டும் பாடாமல் அழுதுகொண்டிருந்தான்.