நாக்கு வெட்டப் போன நாள்

லயத்து வீடுகள் பின்னால் மறைந்து, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் மட்டும் நின்ற இடத்தில் அக்கா ஒரு முறை நின்றாள். பிள்ளையின் மூக்குக்கு முன்னால் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு நடந்தாள். நடக்கிறாள் என்றால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அங்கே பஸ் பிடித்து மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளையின் நாக்கை வெட்டுவதற்காக.

பிறந்ததிலிருந்தே அவனுக்குப் பால் குடிக்க வரவில்லை. மாரைக் கவ்வுவான், கொஞ்சம் இழுப்பான், நழுவிவிடும், அழுவான். அழும்போது பார்த்தால் நாக்கு மேலே எழும்பாது. அடியில் ஒரு மெல்லிய தோல், முளையில் கட்டிய ஆட்டின் கயிறு மாதிரி, நுனி வரைக்கும் வந்து அதைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. லயத்தில் இதை யாரும் தோல் என்று சொல்லவில்லை. வாய்க்கட்டு என்றார்கள். யாரோ வேண்டாதவர்கள் மந்திரம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்று பூசாரியை அழைத்துத் திருநீறு போட்டார்கள். பிள்ளை திருநீற்றையும் துப்பியது. பாலையும் துப்பியது. வரவர அழுகைச் சத்தம் சிறுத்துக்கொண்டே வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோட்டத்து மருந்துக்கூடத்து டிரெசர், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

“கட்டும் இல்ல மந்திரமும் இல்லம்மா. தோலுதான். கொழுகொழுன்னு இருந்தா நானே வெட்டிருவேன். இது எலிக்குஞ்சு மாதிரி இருக்கு. கத்தரி வைக்க எனக்குக் கை வரல. டவுனுக்குக் கொண்டு போங்க. இன்னிக்கே.”

அக்காவின் மாமியார் லயத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “நாக்க வெட்டுனா ஊமைதான் மிஞ்சும். அதுவும் மிஞ்சுனா. புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, நீ திரும்பி இந்த வாசல்ல காலு வைக்காத.” மாமா, தாயை எதிர்க்கவும் இல்லை, அக்காவைத் தடுக்கவும் இல்லை. பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்த ஆண்பிள்ளை நான்தான்.

நான் அந்தத் தோட்டத்து ஆளில்லை. மூவாரில் ஒரு லோரியில் கிளீனராக இருந்து, அதை விட்டுவிட்டு, அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி இருந்ததில்லை. படுக்க இடம் கிடைத்தால் படுத்தேன், கிடைக்காவிட்டால் நடந்தேன். என்னிடம் ஐ.சி. என்கிற அடையாளக் கார்டு ஒன்று இருந்தது. அதுவும் மூவாரில் பதிந்தது.

தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் காவல் கொட்டகை. அப்போது தோட்டத்தைவிட்டு ஒரு பிடி சோறுகூட வெளியே போகக் கூடாது. காட்டில் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். அவள் அக்காவைத் தட்டி மறைப்புக்குள் கூட்டிப்போன நேரத்தில் துப்பாக்கி வைத்திருந்த கான்ஸ்டபிள் என் கார்டை வாங்கிப் பார்த்தான். மூவார் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான். எங்கே போகிறாய், எதற்கு என்று மலாயில் கேட்டான்.

என் மலாய், லோரியில் கற்றது. சாமான் ஏற்ற, இறக்க, பேரம் பேச வரும். நாக்கு என்பதற்கு லிடா, வெட்டுவதற்குப் போத்தோங் என்று தெரியும். இரண்டையும் சேர்த்தேன்.

“மாவ் போத்தோங் லிடா.”

நாக்கை வெட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். யாருடைய நாக்கு, எதற்கு, எங்கே என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் அப்போது ஒரு பேச்சு இருந்தது. போலீசுக்குத் துப்புச் சொன்ன ஒருவனைக் காட்டுக்காரர்கள் பிடித்து நாக்கை அறுத்துவிட்டார்கள் என்று. உண்மையா பொய்யா தெரியாது. ஆனால் அதைக் கேட்டிராத ஆள் இல்லை. கான்ஸ்டபிளின் முகம் மாறியது.

“சியாப்பா மாவ் போத்தோங்?” என்றான். யார் வெட்டப் போவது?

நான் அவசரத்தில், “கித்தா,” என்றேன். நாங்கள்தான்.

அடுத்த நொடி நான் செம்மண்ணில் முழங்காலில் இருந்தேன். கைகள் தலைமேல். துப்பாக்கியின் முனை காதுக்குப் பின்னால் பட்டது. சூடாக இருந்தது, வெயிலில் கிடந்த இரும்பு. இன்னொருவன் ஓடிவந்து என் இடுப்பைத் தடவினான். பஸ் வரும் சத்தம் தூரத்தில் கேட்டது. கொட்டகை அருகே வேகம் குறைந்தது. ஆள் முழங்காலில் இருப்பதைப் பார்த்ததும் நிற்காமல் போய்விட்டது. எனக்கு மலாய் முழுவதும் மறந்துபோயிற்று. தமிழும் வரவில்லை.

அக்கா தட்டியைவிட்டு வெளியே வந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் புழுதியைப் பார்த்தாள். நேராகக் கான்ஸ்டபிளிடம் போனாள். பிள்ளையின் தாடையை அழுத்தி வாயைத் திறந்து, சுண்டுவிரலால் நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

“பாருய்யா! நல்லா பாரு! இதுலதான் குண்டு வச்சிருக்கோம்!”

அவன் குனிந்து பார்த்தான். துப்பாக்கி தாழ்ந்தது.

“ஓ,” என்றான். “லிடா பெண்டேக்.”

குட்டை நாக்கு. அவர்கள் வீடுகளிலும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கின்றன. அதற்கு அவர்களிடம் லேசான ஒரு சொல் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரிந்திருந்தால் அந்தப் பஸ்ஸில் போயிருப்போம். அவன் என் முதுகில் தட்டி, மற்றவனிடம் என்னவோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. கான்ஸ்டபிளே கையை நீட்டி, ரப்பர் ஷீட் ஏற்றி வந்த ஒரு லோரியை நிறுத்தி எங்களை முன்னால் ஏற்றிவிட்டான். சீன டிரைவர், காடு ரோட்டை ஒட்டி வரும் இடங்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டு வண்டியை விரட்டினான். காடு விலகினால் பேசினான். மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டியதும் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது. அதுவரை அழுகிறானே என்று இருந்தவர்கள், அழவில்லையே என்று ஆனோம். அக்காவின் புறங்கை அவன் மூக்குக்கு முன்னாலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத் தமிழர். அவர் தமிழ் எங்கள் காதில் பாதிதான் ஏறியது.

“ஏன் இவ்வளவு நாளும் கொண்டு வரேல்லை?”

“வாய்க்கட்டுன்னாங்க, ஐயா,” என்றாள் அக்கா.

“கட்டுத்தான். அவிழ்க்கலாம். ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளை நல்லா மெலிஞ்சு போச்சுது. ரத்தம் நிக்காட்டில்தான் யோசிக்க வேணும்.”

“வெட்டுனா ஊமையா ஆயிருமாங்க?”

“ஆர் சொன்னது?”

“எங்க மாமியாங்க.”

“அவவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவவின்ட நாக்கையும் ஒருக்காப் பாத்திருப்பன்.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

பிள்ளையைத் துணியில் இறுகச் சுற்றி மேசைமேல் வைத்தார்கள். தலையைப் பிடிக்க வேண்டியவன் நான். “ஆடவிடாதையும், தம்பி,” என்றார் டாக்டர். நடுவில் பிளவு வைத்த ஒரு தட்டைக் கம்பியால் நாக்கை மேலே தூக்கினார். அந்தத் தோல் பிளவுக்குள் வந்து விறைத்து நின்றது. விளக்கு வெளிச்சம் அதன் வழியே தெரிந்தது.

ஒரு காலத்தில் நானும் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியிருக்கிறேன். பட்டையோடு கத்தி நின்றால் பால் வரும். கொஞ்சம் ஆழமாகப் போய் மரத்தைத் தொட்டால் காயம். அந்த இடம் புண்ணாகிக் கட்டி விழுந்துவிடும், அப்புறம் அதில் பால் இல்லை. கங்காணி அதற்காகத்தான் அடிப்பார். பட்டை எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. இங்கே கை என்னுடையதில்லை. கத்தரி உள்ளே போவதைப் பார்க்கவும் முடியவில்லை. கண்ணை மூடினால் பிடி தளரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சத்தமே இல்லை. நாக்கு படக்கென்று மேலே போனது. ஒரு கணம் வெட்டின இடம் வெள்ளையாக இருந்தது. பிறகு இரத்தம் வந்தது. பிள்ளை கத்தினான். அன்று காலையிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் அவனிடமிருந்து வரவில்லை.

“இப்ப பிள்ளைக்குப் பாலைக் குடும்,” என்றார் டாக்டர்.

அக்கா நகரவில்லை. “ரத்தத்தோடயாங்க?”

“ஓம், ரத்தத்தோடைதான். உறிஞ்சினால்தான் அது நிக்கும்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அழுகை. பிறகு அழுகை இல்லை. அப்புறம் விழுங்குகிற சத்தம் கேட்டது, கிணற்றில் சின்னக் கல் விழுகிற மாதிரி.

“ஆ!” என்றாள் அக்கா. “தம்பி, இழுக்கிறான்டா. வலிக்குதுடா.”

ஆனால் அவன் வாயோரத்தில் வழிந்த பால் சிவந்திருந்தது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார், எடுத்துப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். பஞ்சு மாறி மாறி வந்தது. கசிவு குறைந்தது, நிற்கவில்லை. இப்படி மெலிந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லி இருவரையும் பிள்ளைகள் வார்டில் சேர்த்துவிட்டார். ஆண்களுக்கு அங்கே இடமில்லை, நாளைச் சாயங்காலம்தான் பார்க்கவிடுவார்கள் என்றாள், மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிட்ட நர்ஸ்.

வார்டு வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கயும் ஓடிடாதடா. ஒன்ன எனக்குத் தெரியும். புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் தனியா அங்க எப்படிப் போவேன்?”

“போவல,” என்றேன். அதற்கு முன்பு பல இடங்களில் பலரிடம் அதே சொல்லைச் சொல்லியிருக்கிறேன்.

விடிந்ததும் ஆஸ்பத்திரியைச் சுற்றி வந்தேன். வார்டுக்குள் பார்க்க ஒரு ஜன்னலும் தோதாக இல்லை. பின்பக்கம் துணி வெளுக்கும் டோபிக் கொட்டகையில் புகை வந்தது. அங்கிருந்து பார்த்தால் வார்டின் பின்கதவு தெரிந்தது. உள்ளே ஒரே ஓர் ஆள், பெரிய வெந்நீர்க் கொப்பரைகளுக்கு நடுவே வேர்த்து நின்றார்.

“ஆளு வேணுங்களாண்ணே?”

“எத்தன நாளைக்கி நிப்பே?”

“எங்கக்கா வார்டுல இருக்கிற வரைக்கும்.”

“நீயாச்சும் நெசத்தச் சொன்னே. முன்னால இருந்தவன் சாவுற வரைக்கும் நிப்பேன்னான். வெள்ளிக்கெழம ஓடிட்டான் லா.” நீளமான ஒரு கட்டையை என் கையில் கொடுத்தார். “ரத்தத் துணி பச்சத்தண்ணித் தொட்டிக்கு. மத்தது வெந்நிக்கு. மாத்திப் போட்டா கறை சாவுற வரைக்கும் போவாது. பிரிக்கிறதுதான் வேல.”

பின்கதவு திறந்து, ஆயா ஒருத்தி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். பிள்ளைகள் வார்டுத் துணி. நாக்கு வெட்டின தோட்டத்துப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அதுவா? விடிய விடிய குடிக்கிது. அம்மாக்காரிதான் பாவம், கண்ண மூடல.”

“ரத்தம் நின்னுருச்சா?”

“நான் என்ன டாக்டரா, தம்பி?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூட்டையை அவிழ்த்தேன். எல்லாத் துணியும் ஒரே மாதிரி வெள்ளை. எது எங்கள் பிள்ளையினுடையது என்று தெரிய வழியில்லை. முதல் துணியை எடுத்து, ரத்தம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்தேன். பால் கறை. புளித்த வாடை. வெந்நீரில் போட்டேன். அடுத்ததை எடுத்து விரித்தேன்.